மருதா, நாவலா? பூவும் காயும் இல்லாதபோது டெல்டா மரங்களைப் பிரித்தறிவது

குடமுருட்டி ஆற்றங்கரையிலுள்ள உங்கள் படுகைக் கொல்லையில் நிற்கும் இரண்டு பெரிய மரங்களை, வீட்டுப் பெரியவர்களில் ஒருவர் மருது என்றும் மற்றொருவர் நாவல் என்றும் மாற்றி மாற்றிச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நீண்டு தடித்த இலை என்றும், ஒன்றின் பட்டை வெளிறி ஏடு ஏடாக உரிகிறது, மற்றொன்றின் பட்டை கறுத்துச் சொரசொரப்பாக இருக்கிறது என்றும் குறிப்பிட்டு, பூவும் காயும் இல்லாத மாதங்களில் இலையையும் பட்டையையும் மட்டும் கொண்டு இவற்றையும், இவை போலக் குழப்பம் தரும் மற்ற மரங்களையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏடு உரியும் மரம் நீர்மருது, அதாவது நாம் மருது என்று சொல்வதே, என்பதில் எனக்கு ஐயம் இல்லை. மற்றது நாவலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; ஆனால் புன்னையும் அதே தோற்றம் காட்டும் என்பதால், இலையை ஒருமுறை கையில் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

பெரும்பாலோர் முதலில் இலையின் வடிவத்தையும், உடனே பட்டையின் நிறத்தையும் பார்க்கிறார்கள். இரண்டும் எளிதில் ஏமாற்றக்கூடியவை. இலை கிளையில் எவ்வாறு அமைந்திருக்கிறது, நரம்பு எவ்வாறு ஓடுகிறது, கசக்கினால் மணம் உண்டா, காம்பை ஒடித்தால் பால் வருகிறதா என்னும் நான்கு கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே பட்டைக்கு வர வேண்டும் என்பது என் கருத்து. இலை சொன்னதைப் பட்டை உறுதிப்படுத்தும். பட்டை மட்டுமே நின்று எதையும் முடிவு செய்யாது.

எந்த இலையைப் பறிப்பது என்பதிலேயே பாதித் தவறு நடந்துவிடுகிறது. நம் பக்கத்தில் வயலுக்குத் தழை உரமாகவும் ஆட்டுக்குத் தீனியாகவும் புங்கு, பூவரசு, வேம்பு, வாகை எல்லாவற்றையும் ஆண்டுதோறும் கழித்துவிடுகிறோம். அவ்வாறு வெட்டிய இடத்திலிருந்து பீறிட்டு வரும் துளிரில் இலை இயல்பைவிடப் பெரிதாகவும் மெலிதாகவும் இருக்கும். சில மரங்களில் அதன் வடிவமே வேறாகிவிடும். ஆகவே அடிமரத்திலிருந்து முளைத்த துளிரையும், கைக்கெட்டும் உயரத்தில் நிழலில் கிடக்கும் கிளையையும் விட்டுவிட்டு, வெயில் படும் முதிர்ந்த கிளை ஒன்றைத் துரட்டியால் வளைத்து, குறைந்தது ஒரு சாண் நீளக் குச்சியுடன் இலையைப் பார்க்க வேண்டும். கீழே உதிர்ந்து கிடக்கும் ஒற்றை இலை, பக்கத்து மரத்துடையதாகவும் இருக்கலாம்.

குச்சியோடு பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் இலை என்று நினைப்பது பல மரங்களில் முழு இலை அன்று. ஒரே காம்பில் பல சிறு இலைகள் சேர்ந்த கூட்டிலையின் ஒரு சிற்றிலை மட்டுமே. இதை அறிய ஒரே வழி, காம்பு குச்சியோடு சேரும் கக்கத்தில் சிறு மொட்டு இருக்கிறதா என்று பார்ப்பதுதான். மொட்டு இருந்தால் அங்கிருந்து தொடங்குவது முழு இலை; மொட்டு இல்லையென்றால் அது சிற்றிலை, இலையின் உண்மையான அடி இன்னும் கீழே இருக்கிறது. புங்கின் சிற்றிலையைத் தனியே பறித்து வைத்துக்கொண்டு, இது எந்த மரத்தின் இலை என்று கேட்பவர்கள் பலர். ஐந்து அல்லது ஏழு சிற்றிலை கொண்ட அதன் கூட்டிலையைக் காம்போடு பார்த்தால் அந்தக் கேள்வியே எழாது.

இனி மருதும் நாவலும். நாவலின் இலைகள் கிளையில் நேருக்கு நேராக, இரண்டிரண்டாக இருக்கும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நடுநரம்பிலிருந்து மிக நெருக்கமாகப் பல மெல்லிய நரம்புகள் ஏறக்குறைய இணையாகப் புறப்பட்டு, ஓரத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே, விளிம்பையொட்டி ஓடும் ஒரு நரம்பில் போய்ச் சேர்வதைக் காணலாம். பரப்பு முழுவதும் ஒளி ஊடுருவும் நுண்ணிய புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள் என்பதால், கசக்கினால் கூர்மையான ஒரு மணம் வரும். காம்பும் தெளிவாக நீண்டிருக்கும். மருதில் இவற்றுள் எதுவும் கிடையாது. அதன் காம்பு குட்டையானது. இலைகள் நேருக்கு நேராகத் தொடங்கிச் சற்றே விலகி நிற்பவை. நரம்புகள் நன்கு இடைவெளி விட்டு ஓடுபவை. மருதை ஐயமின்றிக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் இலையின் பின்புறத்தில் இருக்கிறது: பரப்பு காம்போடு சேரும் இடத்தில், நடுநரம்பின் இருபுறமும், சிறு புடைப்பாக இரண்டு சுரப்பிகள். எல்லா இலையிலும் ஒரே அளவில் இரா. நாலைந்து இலைகளைத் திருப்பிப் பார்த்தால் தவறாமல் அகப்படும். இந்தச் சுரப்பிகளை ஒருமுறை விரல் நுனியால் தடவிப் பார்த்தவருக்கு அதன்பின் மருதைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பட்டைக்கு வந்தால், மருதின் அடிமரம் வழவழப்பாக, வெளிர் சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்தில் இருக்கும். மேல்தோல் பெரிய மெல்லிய ஏடுகளாகக் கழன்று விழ, அடியிலிருந்து புதிய வெளிர்த்தோல் தெரியும். முதிர்ந்த மரத்தின் அடி பல மடிப்புகளாக வெளியே புடைத்துக் கரையைப் பற்றி நிற்கும். நாவலின் பட்டை அடியில் கருமையாகவும் கரடுமுரடாகவும் இருந்து, மேலே போகப் போக வெளிறி மழமழப்பாகும். மரத்தடியைக் கிளறினால் ஐந்து சிறகு கொண்ட மருதங்காயின் பழைய ஓடு ஒன்றிரண்டு கிடைக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன், அது பூவும் காயும் இல்லாத மாதம் என்ற உங்கள் நிபந்தனையைச் சற்று மீறுவதாக இருந்தாலும். மலைப்பக்கத்துக் கருமருதின் பட்டை ஆழமாக வெடித்துக் கட்டம் கட்டமாகக் கறுத்திருக்கும். நூல்களில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நம் ஆற்றங்கரை மருதை மருதே அன்று என்று வாதிடுபவர்களும் உண்டு.

புன்னையின் இலையும் நேருக்கு நேரானதுதான், தடித்துப் பளபளப்பதுதான். ஆனால் நுனி கூராக இராது, உருண்டோ சிறிது பிளந்தோ இருக்கும். நரம்புகள் நாவலைவிட இன்னும் நெருக்கமாக, எண்ண முடியாத அளவுக்கு நுண்ணியவையாக, நடுநரம்புக்கு ஏறக்குறைய செங்குத்தாக ஓடும். ஒளிப்புள்ளிகளும் நாவலின் மணமும் இல்லை. காம்பை ஒடித்தால் பால் கசியும். பட்டையில் நீளவாக்கில் நடுவில் அகன்று இருமுனையும் குறுகிய வெடிப்புகள் தெரியும். புன்னை கடலோரத்து மரம் என்பதால் நாகை, காரைக்கால் பக்கம் எளிதில் காணலாம். உள்நாட்டில் கோயில்களிலும் நட்டு வளர்க்கப்பட்ட இடங்களிலும்தான் பெரும்பாலும் நிற்கும். இலையை உறுதியாகக் கற்றுக்கொள்ள விரும்பினால் தலமரங்களிடம் போகலாம் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை. திருவிடைமருதூரில் மருது, திருப்புகலூரில் புன்னை, திருப்புன்கூரில் புங்கு, திருவானைக்காவில் வெண்ணாவல், வேதாரண்யத்தில் வன்னி என ஒவ்வொன்றின் பெயரும் ஊரறிந்தது. அங்கே உதிர்ந்து கிடக்கும் இலையைப் பார்த்துக் கற்பதற்கு எவரும் தடை சொல்வதில்லை.

பட்டையை நம்ப வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணங்களை இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வயது: கன்றின் பட்டைக்கும் கிழமரத்தின் பட்டைக்கும் பல இனங்களில் தொடர்பே தெரியாது. இரண்டு, இடம்: ஒரே மரத்தில் அடியில் வெடித்தும் நெஞ்சளவில் செதிலாகவும் கிளையில் மழமழப்பாகவும் இருக்கும், ஆகவே எப்போதும் நெஞ்சுயரத்தில் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மூன்று, நம் ஊரின் ஈரம்: வாய்க்கால் ஓரத்து மரத்தில் பாசியும் வெள்ளைக் காளான்படிவும் ஏறி, உண்மையான நிறத்தை மறைத்துவிடும், வெள்ளம் வந்து வடிந்த ஆண்டில் வண்டல் கறையும் சேரும். நான்கு, மனிதர் கை: சாலையோர மரங்களுக்குச் சுண்ணாம்போ வண்ணமோ பூசி எண் எழுதிவிடுகிறார்கள். மருதம்பட்டை மருந்துக்குப் போவதால் ஆளுயரம் வரை உரித்த மரங்களும் உண்டு. காயம் ஆறி மூடிவரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக இருக்கும், அதில் மருதின் வழவழப்பைத் தேடினால் கிடைக்காது. அடையாளம் காண்பதற்காகப் பட்டையைக் கத்தியால் கொத்துவது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாத பழக்கம். உள்நிறம் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் மெல்லிய குச்சி ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தால் போதும்.

இலை நுண்ணியதாகி முள்ளும் சேர்ந்துவிட்டால் குழப்பம் பெருகுகிறது; ஏரி உட்புறத்திலும் தரிசுகளிலும் இது அன்றாடக் காட்சி. கருவேலம், வெள்வேலம், சீமைக்கருவேலம், வன்னி ஆகிய நான்கையும் முள்மரம் என்று ஒன்றாகத் தள்ளிவிடுகிறோம். இங்கு மட்டும் முதலில் முள்ளைப் பார்க்கச் சொல்வேன். வேலமரங்களில் முள் இலை புறப்படும் கணுவில் இரண்டிரண்டாக நிற்கும். வன்னியில் அவ்வாறன்றி, கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில் குட்டையான, அடி தடித்த முட்கள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். சீமைக்கருவேலத்தின் முள் கணுவில்தான் இருக்கும். ஆகவே வன்னியென்று சொல்லி எவரேனும் சீமைக்கருவேலத்துக்கு மஞ்சள் பூசி வைத்திருந்தால் இந்த ஒரு சோதனையே போதும். இரண்டும் நெருங்கிய உறவுடையவை, பூங்கொத்தும் இரண்டிலும் நீண்டு தொங்குவதே; அதனால் பூ பூத்த காலத்தில் தவறுவது இயல்புதான்.

மூன்று வேலங்களைப் பிரிப்பதற்குப் பட்டை நன்றாக உதவும். பட்டைக்கு நான் முன்னுரிமை தரும் அரிதான இடம் இது. கருவேலத்தின் அடிமரம் கறுத்து, நீளவாக்கில் ஆழமாக வெடித்திருக்கும். வெள்வேலம் பெயருக்கேற்ப வெளிறி, மஞ்சள் கலந்த வெண்மையில், மெல்லிய பட்டைகளாக உரியும். மிகப் பழைய மரத்தில் மட்டும் அடி கறுக்கும். சீமைக்கருவேலம் தரையிலிருந்தே பல தண்டாகக் கிளைத்து, பழுப்புச் சாம்பல் நிறத்தில் ஆழமற்ற வெடிப்புகளுடன் நிற்கும். இலையில், சீமைக்கருவேலத்துக்கு ஒரு காம்பில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு இணைப் பிரிவுகள், அதாவது எதிரெதிராகப் பிரியும் கிளைக்காம்புகள்தான். ஒவ்வொன்றிலும் நீண்ட குறுகிய சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். கருவேலத்தில் மூன்று முதல் ஆறு இணைகள் வரை இருக்கும், சிற்றிலைகள் மிகச் சிறியவை. வெள்வேலத்தில் பிரிவுகள் இன்னும் மிகுதி. கருவேலத்தின் வயதான மரத்தில் முள் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்; முள் இல்லை என்பதற்காக அதைக் கருவேலம் அன்று என்று தள்ளிவிடக் கூடாது. நெற்று ஒன்று கிடைத்துவிட்டால் விவாதமே வேண்டாம்: மணி கோத்த மாலையாக இடையிடையே ஒடுங்கி, சாம்பல் பூத்திருப்பது கருவேலம். கொடுக்காப்புளியையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துக் குழப்புவார்கள். ஒரு இலைக்கு நான்கே சிற்றிலை என்று எண்ணி முடித்துவிடலாம்.

மூவிலை மரங்களில் வில்வத்தையும் மாவிலங்கத்தையும் பிரிக்கத் தெரியாமல் அர்ச்சனைக்கு மாற்றிப் பறிப்பதுண்டு. வில்வத்தின் நடுச்சிற்றிலைக்குத் தெளிவான காம்பு இருக்கும், பக்கத்துச் சிற்றிலைகள் இரண்டுக்கும் காம்பு இல்லை என்றே சொல்லலாம். வெளிச்சத்தில் பிடித்தால் நாவலைப்போலவே ஒளிப்புள்ளிகள் தெரியும், கசக்கினால் மணக்கும், கக்கத்தில் நேரான கூர்முள் இருக்கும். பட்டை சாம்பல் நிறத்தில் தக்கைபோல் தடித்து வெடித்திருக்கும். மாவிலங்கத்துக்கு முள்ளும் இல்லை, புள்ளியும் இல்லை. மூன்று சிற்றிலைகளும் நீண்ட ஒரு காம்பின் நுனியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். பக்கத்துச் சிற்றிலைகளின் அடி ஒருபுறம் சாய்ந்து கோணலாக இருக்கும். பட்டை மழமழப்பானது, அதில் வெண்ணிறப் புள்ளிகள் தெளிக்கப்பட்டிருக்கும். வேலியில் நடும் கிளுவையிலும் மூவிலை உண்டு. பச்சைத் தண்டிலிருந்து காகிதம் போன்ற தோல் உரிவதைக் கண்டால் அது கிளுவைதான், மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

வாகைக்கும் தூங்குமூஞ்சிக்கும் இடையிலான வேறுபாடு எளிது. வாகையின் சிற்றிலைகள் நீள்வட்டமாக, நுனி மழுங்கி, ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். தூங்குமூஞ்சியில் அவை சாய்சதுர வடிவானவை; நுனியை நோக்கிப் போகப் போகப் பெரிதாகும், அடிப்புறம் தொட்டால் மெல்லிய மயிர் தட்டுப்படும். மாலையில் இலை கூம்புவதை வைத்து முடிவு செய்யக் கூடாது, இரண்டுமே கூம்பும்.

வேம்புக்கும் மலைவேம்புக்கும் வந்தால், 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு மரப்பயிருக்கு மாறியவர்கள் நம்மிடையே இருப்பதால், இது பணம் சார்ந்த கேள்வியும் ஆகிவிட்டது. வேம்பின் இலை ஒருமுறை மட்டும் பிரிந்தது: நடுக்காம்பின் இருபுறமும் அரிவாள் போல் வளைந்த, ஓரம் பல்லுள்ள, அடி கோணலான சிற்றிலைகள் இருக்கும், அவ்வளவே. மலைவேம்பின் இலை இரண்டு மூன்று முறை கிளைத்தது. காம்பிலிருந்து கிளைக்காம்பு, அதிலிருந்து சிற்றிலை. கன்று வாங்கும்போது மேல் இலையைப் பார்க்காமல், கீழே முதிர்ந்த இலை ஒன்றை அடிவரை தொடர்ந்து பார்த்து வாங்க வேண்டும். தீக்குச்சிக்கு வெட்டும் பெருமரமும் தூரத்தில் பெரிய வேம்பாகத் தோன்றும். ஆனால் அதன் கூட்டிலை முழங்கை நீளத்தைத் தாண்டும், கசக்கினால் வரும் நாற்றமே பெயரைச் சொல்லிவிடும்.

நெட்டிலிங்கத்தை அசோகமரம் என்று அழைப்பது இன்று திருத்த முடியாத அளவுக்கு வேரூன்றிவிட்டது. மதிலோரம் நெட்டையாக நிற்கும் அந்த மரத்தின் இலை தனியிலை, மாறி மாறி அமைந்தது, ஓரம் அலையலையானது. உண்மையான அசோகின் இலை கூட்டிலை. நான்கு முதல் ஆறு இணைச் சிற்றிலைகள், ஓரம் அலையற்றவை, இளங்கொழுந்து செம்பு நிறத்தில் தொங்கும். வேற்றுமை இவ்வளவு தெளிவாக இருந்தும், அசோகம்பட்டை என்று நெட்டிலிங்கப் பட்டையைக் கலந்து விற்பது நாட்டுமருந்து வணிகத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட கலப்படம். பட்டையாக நறுக்கி வந்துவிட்ட பிறகு சாதாரணக் கண்ணால் பிரிப்பது கடினம். இலையுள்ள மரத்தைத் தெரிந்துவைத்திருந்தால்தான் பயன்.

ஆல், அரசு, அத்தி, இச்சி ஆகியவை அனைத்திலும் குச்சியில் ஒவ்வொரு இலைக்கும் மேலே மோதிரம் அணிவித்தது போன்ற வடு சுற்றிவரும், ஒடித்தால் பால் வரும். இந்த இரண்டும் ஒருங்கே இருந்தால் அத்திக் குடும்பம் என்று கொள்ளலாம். இதயவடிவ இலையை வைத்து அரசையும் பூவரசையும் குழப்பிக்கொள்பவர்களுக்கும் இதுவே விடை: பூவரசின் குச்சியில் அந்த வளைய வடுவும் பாலும் இல்லை, இலை நுனியில் அரசின் நீண்ட வாலும் இல்லை. கழிமுகப் பக்கம் போனால் நீர்ப்பருத்தி என்னும் இன்னொன்று பூவரசாக வேடமிடும். இலையைத் திருப்பினால் போதும். பூவரசின் அடிப்புறம் பச்சை, நீர்ப்பருத்தியின் அடிப்புறம் வெண்சாம்பல் மயிர் போர்த்தது.

கழிமுகம் என்று வந்ததால், இதுவரை சொன்ன ஒரு சோதனையை அங்கே செய்யக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். முத்துப்பேட்டை, பிச்சாவரம் அலையாத்திக் காடுகளில் வெண்கண்டலும் தில்லையும் அடுத்தடுத்து நிற்கும். வெண்கண்டலின் இலை நேருக்கு நேரானது, அடிப்புறம் வெளிறியது, மேற்புறத்தில் உப்புப் படிந்திருக்கும், மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்கும். தில்லையின் இலை மாறி மாறி அமைந்தது, இருபுறமும் பச்சை, உதிரும் முன் சிவப்பது, மூச்சுவேர் கிடையாது. சுரபுன்னைக்குத் தண்டிலிருந்து வளைந்து இறங்கும் ஊன்றுவேரும், இலை நுனியில் முள்போன்ற சிறு கூரும் இருக்கும். தில்லையின் பால் தோலில் பட்டால் கொப்புளம் போடும், கண்ணில் பட்டால் பார்வையைத் தற்காலிகமாகவேனும் கெடுத்துவிடும். ஆகவே அலையாத்திக் காட்டில் இலை மாறி மாறி அமைந்த மரம் எதையும் ஒடித்துப் பால் பார்க்க வேண்டாம். இலை அமைவையும் வேரையும் பார்த்தாலே அங்கே போதுமானது. தவறிப் பட்டுவிட்டால் கண்ணைத் தேய்க்காமல் உடனே நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.